பங்கு பிரிக்கும் கணக்கு

திருச்சி விமான நிலையத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒரு டாக்சி பிடிக்கிறார்கள். ஒருவர் தஞ்சாவூரில் இறங்குவார், அடுத்தவர் கும்பகோணத்தில், மூன்றாமவர் மயிலாடுதுறையில். தனித்தனியாகப் போனால் அவரவருக்கு 1500, 2400, 3300 ரூபாய் ஆகும். ஒரே வண்டி என்பதால் மொத்தச் செலவு 3300தான். யார் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்திய காலத்தில், பி.எஸ்சி. இறுதியாண்டு வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். வாக்குவாதம் தானாகக் கிளம்பும். ‘ஆளுக்கு 1100, சோலி முடிந்தது’ என்று கடைசி பெஞ்சு சொல்லும். தஞ்சாவூர்க்காரருக்கு 400 ரூபாய்தான் மிச்சம், மயிலாடுதுறைக்காரருக்கு மட்டும் 2200 மிச்சமா என்று முன் பெஞ்சு சண்டைக்கு வரும். 1500க்கு 2400க்கு 3300 என்ற விகிதத்திலேயே பிரித்துவிடலாம் என்று யாராவது சமாதானம் பேசுவார்கள். எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

1953ல் லாயிட் ஷாப்லி என்ற அமெரிக்க இளைஞர் இதற்கு ஒரு வழி சொன்னார். மூவரும் ஒருவர்பின் ஒருவராக வண்டியில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஏறும்போது செலவு எவ்வளவு கூடுகிறதோ அது அவர் தலையில். மயிலாடுதுறைக்காரர் முதலில் ஏறினால் 3300ம் அவருக்கே. பின்னால் வருகிற இருவருக்கும் காலணா செலவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்ற வரிசையில் ஏறினால் 1500, 900, 900. மூன்று பேர் ஏறுவதற்கு ஆறு வரிசைகள் உண்டு. ஆறிலும் கணக்குப் போட்டுச் சராசரி எடுத்தால் 500, 950, 1850 என்று வரும். தஞ்சாவூர் வரைக்குமான 1500ஐ மூவரும் சமமாகப் பிரித்து, அங்கிருந்து கும்பகோணம் வரைக்குமான 900ஐ மீதி இருவரும் பிரித்து, கடைசி 900ஐ மயிலாடுதுறைக்காரர் தனியாகச் சுமந்தாலும் இதே விடைதான். இதைக் காட்டியதும் வகுப்பில் சண்டை ஓய்ந்துவிடும்.

சராசரி எடுப்பது ஒரு யோசனை, அவ்வளவுதானே என்று தோன்றலாம். ஷாப்லியின் சாமர்த்தியம் அதில் இல்லை. நியாயமான பங்கீடு என்றால் என்னென்ன வேண்டும் என்று முதலில் நிபந்தனைகளை எழுதினார். மொத்தமும் பங்கிடப்பட வேண்டும், மிச்சம் வைக்கக்கூடாது. ஒரே அளவு பயன் தருகிறவர்களுக்கு ஒரே அளவு பங்கு. எதையும் கூட்டாத, குறைக்காத ஆளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரங்களைச் சேர்த்துப் பார்த்தால் பங்குகளும் அப்படியே கூட வேண்டும். இவை அத்தனைக்கும் பொருந்துகிற பங்கீடு உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் என்று நிரூபித்தார். 11 பக்கக் கட்டுரை. அப்போது அவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

மனிதர் சுவாரஸ்யமானவர். அப்பா ஹார்லோ ஷாப்லி, நம் சூரியன் பால்வழி மண்டலத்தின் நடுவில் இல்லை என்று காட்டிய வானியலாளர். மகன் இரண்டாம் உலகப் போரில் சீனாவின் செங்டூவில் இருந்தபடி சோவியத் வானிலை அறிக்கைகளின் ரகசியக் குறியீட்டை உடைத்துப் பதக்கம் வாங்கினார். 2012ல், 89 வயதில், பொருளாதார நோபல் வந்தது. அதுவும் இந்தப் பங்கீட்டுக்காக அல்ல. டேவிட் கேலுடன் சேர்ந்து 1962ல் எழுதிய, பொருத்தம் பார்க்கும் இன்னொரு கணக்குக்காக.

பங்கீடு பணத்தோடு நிற்கவில்லை. 1954ல் ஷாப்லியும் மார்ட்டின் ஷூபிக்கும் இதே முறையை வாக்குக்குப் பொருத்தினார்கள். கூட்டணி அரசியலில் ஊறிய நமக்கு இது எளிதில் பிடிபடும். 234 இடங்கள் உள்ள சட்டசபையில் மூன்று கட்சிகள் 110, 100, 24 என்று வென்றதாகக் கற்பனை செய்யுங்கள். ஆட்சிக்கு 118 வேண்டும். எந்த இரண்டு சேர்ந்தாலும் ஆட்சி அமையும், தனியாக யாராலும் முடியாது. ஆகவே ஷாப்லி கணக்கில் மூவருக்கும் சமபலம், மூன்றில் ஒரு பங்கு. 24 இடக் கட்சித் தலைவரின் வீட்டு வாசலில் ஏன் கார்கள் நிற்கின்றன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஐ.நா. பாதுகாப்பு அவைக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். 15 நாடுகள், தீர்மானம் நிறைவேற 9 வாக்குகள் வேண்டும், அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். நாடுகள் ஒவ்வொன்றாகக் கை தூக்குவதாக வைத்து, யாருடைய கை தூக்கலில் தீர்மானம் நிறைவேறுகிறது என்று எண்ணினால், நிரந்தர நாடு ஒன்றுக்கு 19.6 சதவீத பலம். தற்காலிக நாடு ஒன்றுக்கு 0.19 சதவீதம். 2021, 2022ல் இந்தியா உட்கார்ந்திருந்த நாற்காலியின் எடை அவ்வளவுதான். 1965ல் தற்காலிக இடங்களை 6லிருந்து 10 ஆக்கினார்கள். அந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த பலம் 1.3 சதவீதத்திலிருந்து 1.86 சதவீதத்துக்கு ஏறியது. வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது போன்ற ராஜதந்திரங்களை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பாதுகாப்பு அவை விடைக்கு எத்தனை வரிசைகளைச் சரிபார்க்க வேண்டும்? 15 நாடுகளை வரிசைப்படுத்தும் வழிகள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடிக்கு மேல். நான் அப்படி எண்ணவில்லை, யாரும் எண்ணுவதில்லை. தற்காலிக நாடு ஒன்றின் வாக்கு முடிவைத் தீர்மானிக்க வேண்டுமென்றால், அதற்கு முன் ஐந்து நிரந்தர நாடுகளும், மீதி ஒன்பது தற்காலிக நாடுகளில் சரியாக மூன்றும் கை தூக்கியிருக்க வேண்டும். ஒன்பதில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 84 வழிகள். பிளஸ் ஒன் சேர்ப்பியல் பாடத்தின் கணக்கு இது. ஒரு தாளில் முடிந்துவிடும். எண்ணக்கூடாததை எண்ணாமலே எண்ணுவதுதான் சேர்ப்பியலின் வேலை.

ஆனால் எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் வாய்க்காது. அமெரிக்க அதிபர் தேர்தலில் மாநிலத்துக்கு மாநிலம் வாக்கு எடை வேறு. 50 மாநிலங்களின் வரிசைகளை எண்ணினால் 65 இலக்க எண் வரும். 1960ல் ராண்ட் நிறுவனத்தில் இர்வின் மேனும் ஷாப்லியும் எண்ணுவதைக் கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வரிசைகளைக் குலுக்கி எடுத்து, அந்த மாதிரியிலிருந்து சராசரி கண்டார்கள். இரண்டே ஆண்டில் அதே இருவர் துல்லியமான விடையோடு திரும்பி வந்தார்கள். டேவிட் கேன்டர் என்ற கணிதவியலாளர் சொன்ன யோசனை: ஒவ்வொரு மாநிலத்தையும் ஒரு சிறு பல்லுறுப்புக் கோவையாக எழுதி எல்லாவற்றையும் பெருக்கினால், இத்தனை வாக்கு கொண்ட கூட்டணிகள் எத்தனை என்ற எண்ணிக்கை கெழுக்களில் தானாக வந்து உட்காரும். வாக்கு எடைகள் சிறிய முழு எண்களாக இருந்ததால் இது பலித்தது. எடைகள் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம் என்றால் குறுக்குவழி கிடைக்கும் என்ற நம்பிக்கை அநேகமாகக் கிடையாது என்று ஷியாவ்டி டெங்கும் கிறிஸ்டோஸ் பாபாடிமிட்ரியூவும் 1994ல் காட்டினார்கள்.

இங்கேதான் கொலம்பியாவில் பிறந்த கியர்மோ ஓவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மேலே போட்ட டாக்சி கணக்கு உண்மையில் அவருடையதும் ஸ்டீபன் லிட்டில்சைல்டுடையதும்தான். 1973ல் அவர்கள் டாக்சிக்குப் பதில் விமான ஓடுபாதையை எடுத்துக்கொண்டார்கள். பெரிய விமானத்துக்கு நீளமான ஓடுபாதை வேண்டும், சிறியதற்குச் சிறியது போதும். செலவை எப்படிப் பிரிப்பது என்று கேட்டார்கள். பர்மிங்ஹாம் விமான நிலையத்தின் தரையிறங்கும் கட்டணத்துக்கே இந்தக் கணக்கு போட்டுப் பார்க்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1972ல், ஓவன் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். என் வாழ்நாளில் படித்த சேர்ப்பியல் தந்திரங்களில் அழகில் அது முதல் ஐந்துக்குள் வரும்.

வரிசையை மறந்துவிடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள் என்கிறார் ஓவன். ஒவ்வொருவரும் ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு கணத்தில் தன்னிச்சையாக வந்து சேர்கிறார்கள். நான் வந்த நேரம் 15வது நிமிடம் என்றால், மற்ற ஒவ்வொருவரும் எனக்கு முன்பே வந்திருப்பதற்கான நிகழ்தகவு கால்பங்கு. 45வது நிமிடம் என்றால் முக்கால்பங்கு. ஒருவர் வந்தாரா இல்லையா என்பதற்கும் அடுத்தவர் வந்தாரா என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அதாவது லட்சம் கோடி வரிசைகளுக்குப் பதில், ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்றபடி கனம் சாய்ந்த நாணயத்தை ஆளுக்கு ஒருமுறை சுண்டினால் போதும். நேரத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓட்டித் தொகையிட்டால் ஷாப்லியின் சராசரி அப்படியே வருகிறது. டாக்சியில் சரிபாருங்கள்: தஞ்சாவூர்க்காரர் முதலில் ஏறினால்தான் 1500 கொடுப்பார். மற்ற இருவரும் இன்னும் வராமல் இருக்கும் நிகழ்தகவைத் தொகையிட்டால் மூன்றில் ஒன்று, ஆக 500. கல்லூரியில் பீட்டா சார்பு என்று மனப்பாடம் செய்த சூத்திரம்தான் இது. எதற்கென்று தெரியாமல் படித்தவர்களுக்கு இங்கே அர்த்தம் கிடைக்கும்.

இதெல்லாம் பழைய கதை என்று நானும் நினைத்திருந்தேன். சென்னையில் ஒரு கடன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள்.

“சார், உங்க டாக்சி கணக்குதான் எனக்கு இப்ப சோறு போடுது.”

கடன் கேட்டவருக்குக் கணினி ‘இல்லை’ என்று சொன்னால், ஏன் என்று சொல்ல வேண்டும். சம்பளம், வயது, பழைய தவணை பாக்கி என்று ஏகப்பட்ட விவரங்கள் அந்த முடிவுக்குள் போயிருக்கின்றன. எது எவ்வளவு தூரம் காரணம்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் லுண்ட்பெர்க்கும் சூ-இன் லீயும் 2017ல் அந்த விவரங்களையே ஆட்டக்காரர்களாக்கி, கணினியின் முடிவை அவற்றுக்கிடையே ஷாப்லி முறையில் பங்கிட்டார்கள். ‘ஷாப்’ என்ற பெயரில் இது இன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது.

“ஆனா இருநூறு விவரம் சார். மெஷினுக்கு மூச்சு முட்டுது. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தா எல்லாக் கூட்டணியையும் ஒரே அடியா பாத்துடும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நிஜமா?”

“அப்படி இல்லம்மா,” என்றேன். போனில் சொல்ல வந்தது அரைமணி நேரம் போயிற்று. அதன் சாரம் இங்கே.

பத்திரிகைகளில் நாம் படிக்கிற ‘ஒரே சமயத்தில் எல்லா விடைகளையும் சோதிக்கும்’ என்ற வாக்கியம் பாதிதான் உண்மை, அதுவும் உபயோகமில்லாத பாதி. விவரத்துக்கு ஒன்றாக 200 க்யூபிட்டுகளை (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளை) எல்லாக் கூட்டணிகளும் மேற்பொருந்திய ஒரு நிலையில் வைக்கலாம்தான். ஆனால் அளந்து பார்த்த கணத்தில் ஒரே ஒரு கூட்டணிதான் கைக்கு வரும், அதுவும் குலுக்கலில் வந்ததுபோல. அதற்குக் குவாண்டம் கணினி வேண்டாம். மேனும் ஷாப்லியும் 1960ல் செய்ததே போதும்.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. குவாண்டம் உலகில் நிகழ்தகவு என்பது வீச்சு என்ற எண்ணின் வர்க்கம். நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால் வீச்சு பத்தில் ஒன்று. ஐஐடி டெல்லியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த லவ் குரோவர் 1996ல் கண்டுபிடித்த சுற்றைச் சுற்றினால், ஏறுவது வாய்ப்பு அல்ல, வீச்சு. பத்தில் ஒன்று, பத்தில் மூன்று, பத்தில் ஐந்து என்று சுமாராகப் போகும். இரண்டே சுற்றில் நூற்றில் ஒன்றாக இருந்த வாய்ப்பு நாலில் ஒன்றை நெருங்கிவிடுகிறது. இப்படி எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று பார்த்து, தொடக்கத்தில் இருந்த வாய்ப்பு எவ்வளவு என்று திருப்பிக் கணக்கிடும் முறையை ஜில் பிராசார், பீட்டர் ஹாயர், மிக்கேலே மோஸ்கா, அலன் டாப் ஆகியோர் 2000ல் தந்தார்கள். சாதாரண மாதிரி எடுப்பில் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு மாதிரி வேண்டும். இதில் இரண்டு மடங்கு உழைப்பு போதும். ஆயிரத்தில் ஒன்று என்ற துல்லியத்துக்கு அங்கே பத்து லட்சம் அளவில் மாதிரிகள் வேண்டும் என்றால், இங்கே ஆயிரங்களில் முடியும்.

இதை ஷாப்லிக்குப் பொருத்த ஒரு தடை இருந்தது. ஷாப்லியின் சராசரியில் எல்லாக் கூட்டணிக்கும் ஒரே எடை கிடையாது. கோடானுகோடிக் கூட்டணிகளுக்கும் அதனதன் எடையைக் கொடுத்து ஒரு குவாண்டம் நிலையைத் தயாரிக்கப் போனால், தயாரிப்பதிலேயே லாபம் கரைந்துவிடும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்திலும் பிரான்ஸின் டெலிகாம் சூட்பாரி கல்வி நிறுவனத்திலும் இருந்த ஐயன் பர்ஜ், மிஷெல் பார்போ, ஹோவாக்கின் கார்சியா-அல்ஃபாரோ மூவரும் 2023ல் இதற்குக் கொடுத்த விடையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஓவனின் கடிகாரம்! சில க்யூபிட்டுகளில் நேரத்தைத் துண்டு துண்டாக வைக்கிறார்கள். ஆட்டக்காரருக்கு ஒரு க்யூபிட். அந்த நேரத்துக்கு ஏற்ற அளவு ஒவ்வொரு க்யூபிட்டையும் தனித்தனியே ஒரு கோணம் திருப்புகிறார்கள். அதுதான் கனம் சாய்ந்த நாணயம். ஒருவரையொருவர் சாராத நாணயங்கள் என்பதால், ஆட்டக்காரர்கள் கூடக்கூட வேலை பொறுமையாகத்தான் கூடுகிறது. பீட்டா சார்பின் தொகையீடு மேற்பொருந்திய நிலைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பிறகு அந்த ஆட்டக்காரர் சேர்ந்தால் மதிப்பு எவ்வளவு, சேராவிட்டால் எவ்வளவு என்பதை இன்னொரு க்யூபிட்டின் வீச்சில் ஏற்றி, பிராசார் குழுவின் முறையில் அளக்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியில் என்னைக் கவர்வது குவாண்டம் அல்ல. குவாண்டம் பகுதி 2000ல் செய்த கருவி. அதைப் பிடிக்க ஒரு கைப்பிடி தேவைப்பட்டது, அந்தக் கைப்பிடி 1972ல் காகிதத்தில் செய்யப்பட்டது. பிரச்சினைக்குள் இருக்கும் அமைப்பை ஒரு மனிதன் முதலில் கண்டுகொள்ளாவிட்டால் குவாண்டம் கணினி எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. எந்த அமைப்பும் தெரியாத தேடலில் குரோவரின் வர்க்கமூல லாபத்துக்கு மேல் போகவே முடியாது என்று சார்லஸ் பென்னெட், ஈதன் பெர்ன்ஸ்டைன், பிராசார், உமேஷ் வாசிரானி நால்வரும் 1997லேயே நிரூபித்துவிட்டார்கள்.

அந்த வர்க்கமூல லாபமாவது கைக்கு வருமா? இப்போதைக்கு வராது. பத்து லட்சம் மாதிரிகளைச் சாதாரணக் கணினியில் தனித்தனியாக, பல இயந்திரங்களில் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். குவாண்டம் முறையில் ஆயிரக்கணக்கான சுற்றுகளையும் இடையில் நிலை கலையாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டியாக வேண்டும். இன்றைய இயந்திரங்களில் இரண்டு க்யூபிட் செயல்கள் சில நூறோ சில ஆயிரமோ நடப்பதற்குள் ஒரு பிழை வந்துவிடுகிறது. பிழைதிருத்தம் வந்த பிறகும், வர்க்க அளவு லாபம் மட்டும் இருந்தால் அதைப் பிழைதிருத்தச் செலவே தின்றுவிடும் என்று கூகுளின் ரயன் பாபுஷும் கூட்டாளிகளும் 2021ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். என் மாணவியின் கடன் மென்பொருளைக் குவாண்டம் சுற்றாக (சர்க்யூட்) மாற்றி எழுதும் செலவு இதில் சேரவில்லை.

அவளுக்கு நான் சொன்னது: “உன் மாடல் தீர்மான மர வகைன்னா, மரத்தோட அமைப்பை வெச்சே துல்லியமா கண்டுபிடிக்க லுண்ட்பெர்க் குழுவே ஒரு வழி எழுதியிருக்கு. அதைப் பாரு.” மரம்தான் என்றாள். ஏற்கெனவே மென்பொருள் நூலகத்தில் இருந்த ஒரு வரிக் கட்டளை அது.

கூட்டணிப் பிரச்சினையின் இன்னொரு முகத்தையும் குவாண்டம்காரர்கள் தொட்டிருக்கிறார்கள்: பங்கைப் பிரிப்பது அல்ல, ஆட்களையே குழுக்களாகப் பிரிப்பது. ஐந்து பேரை 52 விதமாகப் பிரிக்கலாம், பத்துப் பேரை 1,15,975 விதமாக. ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தில் 2022லிருந்து இதைக் குவாண்டம் கருவிகளில், டி-வேவ் நிறுவனத்தின் இயந்திரம் உட்பட, ஓட்டிப் பார்க்கிறார்கள். இது வேறு வகைக் கருவி. உத்தரவாதமான லாபம் என்று சொல்ல இதில் நிரூபணம் இல்லை.

பங்கீட்டுக்கே திரும்பினால், பர்ஜ் குழு தங்கள் முறைக்குத் தேர்ந்தெடுத்த களம் கடன் மாடல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்க வேண்டிய முடிவையே ஒரு குவாண்டம் சுற்று எடுக்கிறது என்றால் மொழிபெயர்ப்புச் செலவு கிடையாது. மதிப்பு ஏற்கெனவே க்யூபிட்டில் இருக்கிறது. ஜெர்மனியின் ராவுல் ஹேஸும் கூட்டாளிகளும் 2023ல் இன்னொரு பக்கமிருந்து இதே ஊருக்கு வந்தார்கள். சாதாரணக் கணினியில்தான் ஷாப்லி கணக்கு. ஆனால் ஆட்டக்காரர்கள் குவாண்டம் சுற்றின் வாயில்கள், அதாவது க்யூபிட்டுகள் மீது நடக்கும் தனித்தனிச் செயல்கள். ஒவ்வொரு வாயிலையும் எடுத்துவிட்டும் சேர்த்தும் ஓட்டி, விடையின் தரத்தில் அதற்கு என்ன பங்கு என்று பார்க்கிறார்கள். சில வாயில்களுக்குப் பங்கு எதிர்மறையாகக்கூட வரலாம், அதாவது அது இல்லாமல் இருந்தால் நல்லது. இதில் ஷாப்லி நினைத்துப் பார்க்காத ஒரு சிக்கல் உண்டு. டாக்சி வாடகை 3300 என்றால் 3300தான். குவாண்டம் சுற்றில் கூட்டணியின் மதிப்பே ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கொஞ்சம் மாறுகிறது. அதனால் அவர்களின் பங்கீட்டில் ஒவ்வொரு எண்ணும் தன் பிழை வரம்போடுதான் வருகிறது.